பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு: முதல் தவணையை யார் செலுத்துவது?

2024 செப்டம்பர் 18 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் என்.பி.எஸ். வாத்சல்யா என்னும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் இனி ஓய்வூதியக் கணக்கு உண்டு. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் முதல் செலுத்தலாம் என்றது அன்றைய அறிவிப்பு. அதற்கு முன்பே செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருந்தது. பொன்மகன் பொதுவைப்பு நிதி இருந்தது. காப்பீட்டு முகவர் கொண்டுவரும் குழந்தைப் பாலிசியும், பரஸ்பர நிதியின் மாதத் தவணையும் இருந்தன. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முறையாகக் கண்ட தலித் குடும்பங்களில் இப்போது கேட்கிறது. சத்துணவுக்கூடப் பணியாளர், அரசுப் பேருந்து நடத்துநர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் எனப் பலரும் கேட்கிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையருக்கு இப்படியொரு கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை. ஆகவே இதை வணிகப் பக்கங்களுக்குரிய செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

வணிகப் பக்கங்கள் தரும் விடை எளியது. திட்டங்களை வரிசையாக எழுதி, எதிரே வட்டி விழுக்காட்டைக் குறித்து, அதிகம் தருவதை எடுத்துக்கொள் என்று அவை சொல்லும். அந்த அட்டவணைக்கு அடியில் எழுதப்படாத ஓர் அனுமானம் உண்டு. குடும்பத்தில் மிச்சம் இருக்கிறது, அது பதினைந்து ஆண்டுகளும் தவறாமல் இருக்கும் என்பதே அந்த அனுமானம். நான்காம் ஆண்டில் வேலை போனால் கணக்கு என்னவாகும் என்ற வினா அங்கே எழுவதில்லை. நம் வீடுகளில் முதலில் எழுவதே அந்த வினாதான்.

செல்வமகள் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் பத்து வயது நிறையாத பெண் குழந்தையின் பெயரில் கணக்குத் திறக்கலாம். ஒரு குடும்பத்துக்குப் பொதுவாக இரண்டு கணக்குகள். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், மிகுதியாக ஒன்றரை இலட்சம். பதினைந்து ஆண்டுகள் செலுத்த வேண்டும். இருபத்தோராம் ஆண்டில் முதிர்வு. வட்டியைக் காலாண்டுதோறும் அரசு அறிவிக்கும். 2024 தொடக்கத்தில் அது 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இதே விகிதம் முழுக்காலமும் நீடிக்கும் என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு 250 ரூபாய் செலுத்தும் குடும்பத்துக்கு 21 ஆண்டுகளின் முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 12,000 ரூபாய். மாதம் ஆயிரம் செலுத்தினால் ஐந்தரை இலட்சம் அளவுக்கு வரும். ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் செலுத்தக்கூடிய குடும்பத்துக்கு ஏறத்தாழ 72 இலட்சம்.

மூவருக்கும் வட்டி விகிதம் ஒன்றுதான். இதைச் சமத்துவம் என்று எவரேனும் வாதிடலாம். ஆனால் மூன்றாம் குடும்பம் பெறும் தொகையில் 49 இலட்சத்துக்கு மேற்பட்டது வட்டி; அந்த வட்டிக்கு வரி கிடையாது. பழைய வரிமுறையில் இருப்பவர்களாயின் செலுத்திய தொகைக்கும் விலக்கு உண்டு. அரசு விட்டுக்கொடுக்கும் அந்த வரியும் பொதுப்பணமே. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத முதல் குடும்பத்துக்கு அதில் ஒரு காசும் சேராது. பன்னிரண்டாயிரம் ரூபாயைக் கொண்டு இருபத்தோராண்டுகளுக்குப் பின் ஒரு பருவத்துக்கான விடுதிக் கட்டணத்தையாவது செலுத்த முடியுமா என்பது ஐயமே.

இதனால் இத்திட்டங்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதைத் தேர்வது என்பதற்கான அளவுகோல் நமக்கு வேறு என்கிறோம்.

வட்டிக்கு வாங்கிய கடன் வீட்டில் இருக்குமானால், குழந்தைக்கான முதல் முதலீடு அந்தக் கடனை அடைப்பதே. நுண்கடன் நிறுவனத்திடம் ஆண்டுக்கு 24 விழுக்காட்டில் பத்தாயிரம் ரூபாய் கடன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 2,400. அதே பத்தாயிரத்தைக் குழந்தையின் கணக்கில் போட்டால் கிடைப்பது 820. சேமிக்கிறோம் என்ற மனநிறைவோடு ஆண்டுக்கு 1,580 ரூபாயை இழக்கிறோம். கடன் வசூலிப்போரின் அத்துமீறலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்றால், வாரத்தவணைக் கடன் எத்தனை வீடுகளின் திண்ணையில் வந்து அமர்ந்திருக்கிறது என்பதை ஊகிக்கலாம். கந்துவட்டியையும் வாரத்தவணையையும் முடித்த பிறகே அஞ்சலகப் படியேற வேண்டும்.

அடுத்தது, சம்பாதிப்பவரின் உயிர். பதினைந்து ஆண்டுத் திட்டம் என்பது பதினைந்து ஆண்டுகள் உழைக்க ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால் இரண்டு இலட்சம் தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடும், 20 ரூபாயில் இரண்டு இலட்சம் தரும் விபத்துக் காப்பீடும் வங்கிக் கிளைகளிலேயே கிடைக்கின்றன. தொகை சிறிது, ஆயினும் குழந்தையின் கணக்குக்கு முன்னால் இவை இருக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1947இல் முன்வைத்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், காப்பீட்டை அரசின் தனியுரிமையாக்கவும், வயதுவந்த ஒவ்வொருவரும் தம் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுப்பதைச் சட்டத்தால் கட்டாயமாக்கவும் கோரினார். சேமிப்பைத் தனிமனிதரின் ஒழுக்கத்துக்கு விட்டுவிடாமல் அரசின் கடமையோடு பிணைத்த திட்டம் அது. அதைப் பேசுவோர் இன்று அரிது.

இவ்விரண்டும் முடிந்தால்தான் கணக்குத் தேர்வு. அப்போதும் ‘எவ்வளவு தரும்?’ என்பதற்கு முன் ‘இடையில் நின்றால் என்ன செய்யும்?’ என்று கேட்க வேண்டும்.

செல்வமகள் கணக்கில் ஓராண்டு தவறினால் அபராதம் 50 ரூபாய். விடுபட்ட ஆண்டுகளுக்கான குறைந்தபட்சத் தொகையோடு அதைக் கட்டி உயிர்ப்பிக்கலாம். கட்டிய பணம் கரைவதில்லை. பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறைந்தாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, படிப்புக்காகப் பாதிவரை எடுக்கலாம். இந்த இளக்கம் காரணமாக, பெண் குழந்தை உள்ள வீட்டுக்கு இதையே நாம் முதலில் பரிந்துரைப்போம். ஒரு மனக்குறை மட்டும் உண்டு. பதினெட்டு வயதுக்குப் பின் பெண்ணின் திருமணத்துக்காகக் கணக்கை முன்கூட்டியே முடித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. விளம்பரங்களிலும் ‘கல்விக்கும் கல்யாணத்துக்கும்’ என்ற சொற்றொடர் இணைபிரியாமல் வருகிறது. வரதட்சணைக்கு அரசே உண்டியல் வைத்துக் கொடுத்தது போல ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு.

ஆண் குழந்தைக்கும், பெண் குழந்தைக்கு வயது கடந்துவிட்ட வீட்டுக்கும் பொதுவைப்பு நிதி. தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் இதைத்தான் பொன்மகன் என்று அழைக்கிறார்கள். ஆண்டுக்கு 500 ரூபாய் போதும். 2020 ஏப்ரலில் குறைக்கப்பட்டபோது நிர்ணயித்த வட்டி 7.1 விழுக்காடு; காலம் 15 ஆண்டுகள்; மூன்றாம் ஆண்டு முதல் கடனும் ஏழாம் ஆண்டு முதல் பகுதித் தொகையும் பெறலாம். வணிகப் பக்கங்கள் அதிகம் பேசாத ஒரு தன்மை இதற்கு உண்டு. கடனுக்காக நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணையால்கூட இக்கணக்கிலுள்ள பணத்தை முடக்க முடியாது. கடன்காரர் வாசலில் நிற்கும் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும்.

வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும் தினக்கூலி வீட்டுக்கு இந்த இரண்டும்கூட நீளமானவை. அவர்கள் அஞ்சலகத் தொடர்வைப்பில் தொடங்கலாம். மாதம் நூறு ரூபாய் முதல் ஐந்தாண்டுகள் கட்டுவது. பன்னிரண்டு தவணை கட்டியபின் இருப்பில் பாதிவரை கடன். மூன்றாண்டுக்குப் பின் முன்கூட்டியே முடிக்கவும் வழியுண்டு. வட்டி குறைவாயினும் பள்ளிச் செலவு நெருக்கும்போது கைக்கு எட்டும் பணம் இது.

காப்பீட்டோடு சேமிப்பைக் கலந்த குழந்தைப் பாலிசிகளைப் பற்றி நம் கருத்து கடுமையானது. முதல் சில ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். 2024 அக்டோபர் முதல் நடப்புக்கு வந்த விதிகள், ஓராண்டு பிரீமியம் கட்டியவருக்கும் ஒரு சரண் மதிப்பை உறுதிசெய்கின்றன. இழப்பு குறைந்ததே தவிர நீங்கவில்லை. முகவர் பெரும்பாலும் உறவினராகவோ உடன் பணிபுரிபவராகவோ இருப்பதால், மறுக்கத் தயங்கிக் கையெழுத்திடும் வழக்கம் நம்மிடம் அதிகம். நகைச்சீட்டும் அவ்வாறே. மிகுதி வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கை நினைவுகொள்ள வேண்டும். 2022இல் தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவு கையிலெடுத்த அவ்வழக்கில் பணம் போட்டவர்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர்.

வாத்சல்யா திட்டத்தில் நமக்கு அவசரமில்லை. அறிமுகமானபோதைய விதிப்படி, பதினெட்டு வயதுக்குள் கட்டிய தொகையில் 25 விழுக்காடு வரையே இடையில் எடுக்க முடியும். பதினெட்டில் வெளியேறினால், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 80 விழுக்காட்டை ஓய்வூதியத் திட்டத்தில் கட்டாயம் வைத்துவிட வேண்டும். இத்தகைய விதிகள் திருத்தப்படக்கூடியவை; சேரும் நாளில் நடப்பிலுள்ளதைக் கேட்டறிவது நல்லது. ஆனால் திட்டத்தின் நோக்கமே குழந்தையின் அறுபதாம் வயது. பதினெட்டாம் வயதில் கல்லூரி வாசலைக் கடக்கப் பணமில்லாமல் திரும்பும் பிள்ளைகளைக் கொண்ட சமூகத்துக்கு அறுபது வயது தொலைவில் இருக்கிறது.

நிரந்தரச் சம்பளமும் ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பும் உள்ளவர்கள் பங்குச் சந்தை சார்ந்த பரஸ்பர நிதியில் குழந்தையின் பெயரில் மாதத் தவணை தொடங்குவதை நாம் தடுக்கமாட்டோம். பதினைந்து ஆண்டு நீளத்தில் விலைவாசியை விஞ்சி வளரும் வாய்ப்பு அதற்கே அதிகம். இறங்கும் ஆண்டுகளும் வரும் என்ற மனத்திண்மை வேண்டும். முகவர் தரகு இல்லாத நேரடிப் பிரிவையும், செலவு விகிதம் குறைந்த குறியீட்டு நிதியையும் பார்க்கலாம். ‘குழந்தைகள் நிதி’ என்ற பெயர்ப்பலகையில் மயங்க வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்ததும் தவணை நிறுத்தப்படும். பிள்ளையின் சொந்த ஆவணங்களைக் கொடுத்த பின்னரே கணக்கு மீண்டும் இயங்கும். இதை அறியாமல் கல்லூரிச் சேர்க்கை வாரத்தில் தவிப்போர் உண்டு.

கணக்குத் திறக்கச் செல்லும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல கிராமங்களில் கிளை அஞ்சலகம் ஊர்த்தெருவில் இருக்கிறது. காலனியிலிருந்து அங்கே போகிறவள் பெரும்பாலும் தாய். ‘அப்பாவைக் கூட்டி வா’ என்று அவளைத் திருப்பி அனுப்புவது இன்றும் நடக்கிறது. 1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகனின் பெயரில் ரிசர்வ் வங்கியின் நிவாரணப் பத்திரங்களை வாங்க விண்ணப்பித்தபோதும் தந்தையின் கையெழுத்துதான் கேட்கப்பட்டது. அவ்வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தை குழந்தையின் பொறுப்பில் இல்லாத நிலையில் அவர் உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளர் ஆவார் என்று சட்டத்துக்குப் பொருள் கூறியது. தாயைக் காப்பாளராகக் கொண்டு வங்கிக் கணக்குத் தொடங்கலாம் என்பதை 2025 ஏப்ரல் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி மீண்டும் தெளிவுபடுத்தியிருக்கிறது. பத்து வயது நிறைந்த பிள்ளை தானே கணக்கை இயக்கவும் அதே சுற்றறிக்கை வழிசெய்கிறது. கணவனால் கைவிடப்பட்ட பெண்ணும், குடிக்கு எல்லாவற்றையும் இழந்தவனின் மனைவியும் இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

புதிய கணக்கால் பழைய உரிமை பறிபோகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை இப்போது மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கில் நேரடியாக விழுகிறது. எந்த வங்கியில் ஆதாரைக் கடைசியாக இணைத்தோமோ அங்கேதான் அது போய்ச் சேரும். வேறொரு வங்கியில் சேமிப்புக்கென்று கணக்குத் திறந்து ஆதாரை இணைத்துவிட்டு, உதவித்தொகை வரவில்லையென்று பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களை நாம் அறிவோம். உதவித்தொகைக்கு ஒரு கணக்கு. அதில் குறைந்தபட்ச இருப்புக் கட்டாயம் இருக்கக் கூடாது. ஆதார் அங்கேயே நிற்கட்டும்.

எழுதக் கை கூசும் ஒரு செய்தியும் உண்டு. நம் குழந்தைகளின் பெயரில் பெருந்தொகை வைக்கப்படும் தருணங்களில் கொடியது, தந்தையோ தாயோ கொல்லப்பட்ட பிறகு வருவது. கழிவுநீர்க் குழிக்குள் இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி கொலையுண்டவரின் குடும்பத்துக்கு நிவாரணமும், பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவும் அரசின் பொறுப்பு. அந்தப் பணம் வந்த முதல் வாரத்திலேயே உறவினர், கடன்காரர், முகவர் என ஒவ்வொருவராக வந்து அமர்வார்கள். செல்வமகளிலோ பொதுவைப்பிலோ ஆண்டுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேல் போட முடியாது. ஆகவே தொகையைப் பிரிக்க வேண்டும்: மாதச் செலவுக்கு வட்டி வரும்படி ஒரு பகுதியை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் வைக்கலாம், ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் அரசுடைமை வங்கியில் பதினெட்டு வயது வரை வைப்புத்தொகை போடலாம், அந்த வைப்பிலிருந்து ஆண்டுதோறும் செல்வமகளுக்கோ பொதுவைப்புக்கோ மாற்றிக்கொண்டு வரலாம். துணைநிற்கும் இயக்கத் தோழர்கள் வழக்கைப் போலவே இதையும் தம் பணியாகக் கொள்ள வேண்டும்.

பூட்டப்பட்ட சொத்து என்பது நமக்குப் புதிதன்று. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கும் பூட்டு இருந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் பட்டியல் மக்களுக்கே விற்க வேண்டும். சட்டத்தில் பூட்டு இருந்தும் நிலம் கைமாறியது. நிலத்தைக் கொடுத்தவர்கள் விதைக்கும் ஏருக்கும் வழி செய்யாததும், பஞ்சத்தில் அரைமூட்டை நெல்லுக்குக் கைநாட்டு வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆதிக்கச் சாதியினர் காத்திருந்ததும் அதற்குக் காரணங்கள். குழந்தையின் கணக்குக்கும் இது பொருந்தும். பூட்டின் வலிமையால் அது நிலைக்காது; கூலி ஒழுங்காக வந்தால்தான் நிலைக்கும்.

இங்கேதான் முதல் தவணை பற்றிய வினா வருகிறது. பிரித்தானியாவில் 2002 செப்டம்பருக்கும் 2011 ஜனவரித் தொடக்கத்துக்கும் இடையில் பிறந்த குழந்தைகளுக்கு அரசே முதலீட்டுக் கணக்குத் தொடங்கி 250 பவுண்டு வைத்தது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு 500. பின்வந்த ஆட்சி அதை நிறுத்தியது. 2011 நவம்பரில் அதனிடத்துக்கு வந்த இளையோர் சேமிப்புக் கணக்கில் வரிவிலக்கு இருக்கிறது. அரசின் பங்கு இல்லை. இருப்பவர் சேர்க்கலாம் என்ற பழைய இடத்துக்கே அது திரும்பிவிட்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலமோ எதிர்த்திசையில் நடந்தது. 2023 ஜூலை 1 முதல், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்காகவும் 3,200 டாலரை அது முதலீடு செய்கிறது. 18 வயதிலிருந்து 30 வயதுக்குள் கல்விக்கோ வீட்டுக்கோ தொழிலுக்கோ அப்பணத்தைப் பெறலாம். பெற்றோர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்த எண்ணம் அயலானதன்று. 1992இல் தொடங்கிய முதலமைச்சரின் பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், ஒரே பெண் குழந்தை உள்ள ஏழைக் குடும்பத்துக்கு 50,000 ரூபாயும், இரு பெண் குழந்தைகளாயின் தலா 25,000 ரூபாயும் குழந்தையின் பெயரில் அரசே வைப்புத்தொகையாக வைக்கிறது. ஆனால் ஆண் குழந்தை இருக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும். நடைமுறையில் அறுவைக்கு உட்படுவது தாயின் உடலே. குழந்தையின் எதிர்காலத்துக்கு ஈடாகத் தாயின் கருப்பையைக் கேட்கும் நிபந்தனையை நாம் ஏற்க இயலாது.

நிபந்தனையைக் களைந்து, திட்டத்தை விரிக்க இப்போது சட்ட அடிப்படை இருக்கிறது. தமிழ்நாடு 2024இல் இயற்றிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகைக்கு ஏற்ற நிதி ஒதுக்கீட்டை அரசின் கடமையாக்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மாநிலத்தில் 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. இந்நிதியின் ஒரு பகுதி எல்லோருக்கும் பொதுவான சாலைக்கும் கட்டடத்துக்கும் கணக்கெழுதப்படுகிறது என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. சாலையைப் பொதுநிதியில் போடட்டும். இச்சட்டத்தின் கீழ், வருமான வரம்புக்குட்பட்ட ஒவ்வொரு பட்டியல், பழங்குடிக் குழந்தையின் பெயரிலும், ஆணாயினும் பெண்ணாயினும், எத்தனையாவது குழந்தையாயினும், பிறந்த ஆண்டிலேயே 25,000 ரூபாய் வைக்க வேண்டும் என்று கோருகிறோம். 8.2 விழுக்காடு வட்டி நீடிக்குமாயின் பதினெட்டாம் வயதில் அது ஒரு இலட்சத்து மூவாயிரத்தை எட்டும். குழந்தையின் பெயரில் நேரடியாக எழுதப்படும் பணத்தை வேறு தலைப்புக்குத் திருப்புவதும் கடினம்.

கோரிக்கை நிறைவேறக் காலமாகும். அதுவரை ஒரு வேலை இருக்கிறது. பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து, பதினெட்டு நிறைந்தும் முதிர்வுத்தொகையைப் பெறாதவர்களைத் தேடி மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகின்றன. வீடு மாறியவர்களும் திருமணமாகி வெளியூர் சென்றவர்களும் பத்திரம் இருப்பதையே மறந்தவர்களும் அதில் இருப்பார்கள். வீட்டுப் பெட்டியில் மின்விசை நிதி நிறுவனத்தின் வைப்புப் பத்திரம் ஒன்று கிடக்குமானால், அதையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றையும் பெண்ணின் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.